படச்சட்டத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

டப்பாவின் மூடியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறினால் அது அசிட்டேட் பிலிம். சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணைக் கரிக்கிற நெடியோடு, படம் பழுப்பேறி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் அது நைட்ரேட். நைட்ரேட்டோடு விளையாட முடியாது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. 1950களின் தொடக்கம்வரை உலகெங்கும் திரையரங்குக்கான படங்கள் பெரும்பாலும் இந்தப் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. நெடியோ கறையோ இல்லாமல் புதிதுபோலத் தோன்றும் வீடியோ டேப்தான் மூன்றாவது ரகம். ஓடவிட்டால் பசை இளகி, இயந்திரத்தின் ஹெட்டில் அப்பிக்கொண்டு கிறீச்சிடும். எழுபது, எண்பதுகளின் டேப்கள் பலவற்றுக்கு இந்த வியாதி உண்டு. அவற்றை 50 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டிய பிறகே ஓட்ட முடியும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும்.

பழைய பிலிமையும் டேப்பையும் சீர்செய்து பிரதியெடுப்பது என் தொழில். கோடம்பாக்கத்தில் ஒரு லேபில் நெகட்டிவ் கட்டிங் மேசையில் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் சிட்னிக்குக் குடிபெயர்ந்த பிறகும் அதே கை, அதே கத்திரி, அதே உருப்பெருக்கிக் கண்ணாடி. மாறியது மேசைக்கு வரும் படங்கள். ஒரு நாட்டுக்குப் பிழைக்க வந்தவன், அந்த நாட்டின் நூறாண்டு வாழ்க்கையைப் பிரேம் பிரேமாகக் கையில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மேசையில் கற்றதுதான்.

திரையில் ஓடும் படத்தைப் பார்ப்பதும், மேசையில் நிறுத்திப் பார்ப்பதும் வேறு வேறு. திரையில் கண் கதாநாயகன் பின்னால் போகும். மேசையில் எங்கள் வேலையே ஓரங்களைப் பார்ப்பதுதான். துளை கிழிந்திருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா, பிலிம் எத்தனை சதவீதம் சுருங்கியிருக்கிறது என்று ஓரமாகவே போவோம். கோடாக் பிலிமின் விளிம்பில் சதுரம், வட்டம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். பிலிம் எந்த ஆண்டில் தயாரானது என்பதை அவை சொல்லும். அதே குறிகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், 1935ஆ 1955ஆ என்பதைப் படத்துக்குள் இருக்கும் காரையும் பெண்கள் அணிந்த தொப்பியையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படி ஓரத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விஷயம் புரிந்துபோகும். எடுத்தவர் காட்ட நினைத்தது நடுவில் இருக்கிறது. அவரை அறியாமல் சிக்கிக்கொண்டது ஓரத்தில் இருக்கிறது. ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி பெரும்பாலும் அந்த ஓரம்தான்.

ஆஸ்திரேலியாவுக்குச் சலனப்படம் வந்த பாதையில் நம் பம்பாயும் இருக்கிறது. லூமியேர் சகோதரர்களின் ஆளான மாரியஸ் செஸ்டியே 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் படம் காட்டினார். இந்தியாவின் முதல் திரையிடல் என்று நாம் படிக்கிறோமே, அதுதான். அதே மனிதர் அதே பெட்டியோடு சிட்னிக்குக் கப்பலேறினார். செப்டம்பரில் பிட் தெருவில் அரங்கு திறந்தார். உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஹென்றி வால்டர் பார்னெட்டைச் சேர்த்துக்கொண்டு, மேன்லி படகுத்துறையில் பயணிகள் இறங்குவதையும், நவம்பரில் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தையும் படம்பிடித்தார். அந்தப் பந்தயப் படத்தில் நான் குதிரையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தேன். நீண்ட அங்கி, தொப்பி, கைத்தடி என்று லண்டனைப் பெயர்த்து வைத்ததுபோல் நிற்கிறார்கள். நவம்பர் இங்கே கோடையை நெருங்கும் மாதம். அந்த வெயிலில் அந்த உடையில் அவர்கள் நிற்பதைப் பார்த்தாலே போதும், அன்றைய ஆஸ்திரேலியா தன்னை எங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டது என்பது தெரியும்.

பத்தே ஆண்டில் இந்த நாடு உலகத்துக்கே முன்னோடியாக ஒரு காரியம் செய்தது. சார்லஸ் டெய்ட் இயக்கிய 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்' 1906 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தை உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று யுனெஸ்கோ தன் 'உலக நினைவகப் பதிவேட்டில்' 2007இல் சேர்த்தது. போலீஸைச் சுட்ட கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் கதை அது. தூக்கிலிட்டு கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் சாமானிய மக்கள் அவன் பக்கம்தான் நின்றார்கள் என்பதற்கு அந்தப் படத்துக்குக் கூடிய கூட்டமே அத்தாட்சி. இன்று அதில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 17 நிமிடம். அதுவும் ஒரே இடத்தில் கிடைத்ததில்லை. ஒரு பகுதி குப்பைமேட்டிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி பிரிட்டிஷ் காப்பகத்தில் அகப்பட்டது. கடைசிச் சண்டைக் காட்சியில் நைட்ரேட் பொங்கிக் கரைந்து, கவசம் பூண்ட உருவத்தைச் சுற்றிக் கறைகள் நெளிகின்றன. சீர்செய்தவர்கள் அந்தக் கறையைத் துடைத்துப் பொய்யாக நிரப்பாமல் விட்டார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். தூசியையும் கீறலையும் எடுக்கலாம். காலம் தின்றதைத் தின்னவில்லை என்று காட்டக் கூடாது.

ரேமண்ட் லாங்ஃபோர்டின் 'தி சென்டிமென்டல் புளோக்' 1919இல் வந்தது. சிட்னி வுலுமுலூ பகுதியின் குறுக்குச் சந்துகளிலேயே எடுத்த படம். சூதாடிச் சிறைக்குப் போய் வந்தவன், ஊறுகாய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணைக் காதலித்துக் குடும்பஸ்தனாகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்துகளின் சுவர்களும் கொடியில் காயும் துணிகளும் வாசற்படிகளும் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஈடு எந்த வரலாற்று நூலிலும் இல்லை. இதன் நெகட்டிவ் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் காப்பகத்தில், பெயர் தவறாக எழுதப்பட்டு வேறொரு படமாகக் கிடந்தது. ஒரு பெயர் பிழையானால் ஒரு படம் பல்லாண்டு காணாமல் போகும். லாங்ஃபோர்டுக்குத் தோள்கொடுத்த நாயகி லாட்டி லைல் காசநோயில் 1925இலேயே இறந்தார். லாங்ஃபோர்டு கடைசிக் காலத்தில் சிட்னித் துறைமுகத்தில் காவலாளியாக வேலை பார்த்தார். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று எங்கும் இல்லை என்று தெரிந்த எனக்கு, அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தபோது மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வந்தன.

இந்த வேலைகளுக்கெல்லாம் தாய்வீடு கான்பெராவில் இருக்கும் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம். 1984இல் தேசிய நூலகத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. அது குடியேறிய கட்டடம் முன்பு உடற்கூறியல் நிறுவனமாக இருந்தது. ஃபார் லாப் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் இதயத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றது அங்கேதான். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு நாட்டின் முகத்தையும் குரலையும் காக்கிறார்கள்.

தொலைக்காட்சிக்கு முன்பு இந்த மக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டது நியூஸ்ரீல்களில். திரையரங்கில் வாரம்தோறும் படத்துக்கு முன்னால் ஓடும் செய்திச் சுருள்கள் அவை. சினிசவுண்ட், மூவிடோன் என்ற இரண்டு நிறுவனங்கள் 1930களிலிருந்து போட்டி போட்டு எடுத்தன. 1970இல் ஒன்றாகி 1975இல் நின்றன. நான் அதிகம் புழங்கிய சரக்கு இதுதான். சிட்னித் துறைமுகப் பாலம் 1932 மார்ச் 19 அன்று திறக்கப்பட்ட காட்சியை எல்லோரும் அறிவார்கள். மாநில முதல்வர் ஜாக் லாங் ரிப்பனை வெட்டுவதற்குள், பிரான்சிஸ் டி குரூட் என்ற வலதுசாரிப் படைக்காரர் குதிரையில் பாய்ந்து வாளால் வெட்டிவிட்டார். அந்தச் சில நொடிகளைத்தான் இன்றும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நான் அதே சுருளில் ஊர்வலத்தில் நடந்துபோகும் பாலம் கட்டிய தொழிலாளர்களைப் பார்க்கச் சொல்வேன். பெருமந்தம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. உழைப்பாளிகளில் மூன்றில் ஒருவருக்கு நெருக்கமாக வேலை இல்லை. பாலம் முடிந்ததும் இவர்களில் பலருக்கும் வேலை முடிந்தது. கொண்டாட்டத்தைக் காட்டும் கேமராவுக்குள் அவர்கள் நடந்துவந்து நடந்து போகிறார்கள்.

இத்தகைய ஒரு செய்திச் சுருள்தான் ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஆஸ்கரையும் வாங்கித் தந்தது. டேமியன் பேரர் நியூ கினிக் காட்டில் எடுத்த 'கொகோடா ஃப்ரண்ட் லைன்' 1942இல் வந்தது. சேற்றில் கால் புதைய நடக்கும் சிப்பாய்களையும், அவர்களைக் கட்டிலில் தூக்கிச் சுமக்கும் பப்புவா ஆட்களையும் அதில் பார்க்கலாம். போர் எங்கோ தூரத்தில் நடப்பதாக நினைத்திருந்த நகரவாசிகளை உலுக்குவதற்காக எடுத்த படம். பேரர் 1944இல் பெலெலியு தீவில் கேமராவோடு இருந்தபோதே சுடப்பட்டு இறந்தார்.

அரசாங்கம் எடுத்த படங்கள் தனி உலகம். போருக்குப் பிறகு மக்கள்தொகையைப் பெருக்க ஐரோப்பாவிலிருந்து ஆள் சேர்த்தார்கள். வெயில், கடற்கரை, சொந்த வீடு, சம்பளம் என்று ஆசைகாட்டும் படங்கள் நிறைய வந்தன. அவற்றில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மாஸ்லின் வில்லியம்ஸ் இயக்கிய 'மைக் அண்ட் ஸ்டெஃபானி', 1952. ஜெர்மனியின் அகதி முகாமில் இருந்த ஒரு உண்மையான தம்பதியின் கதை. அதில் குடிவரவு அதிகாரி அவர்களை நேர்காணும் இடம் நடிப்பு கிடையாது. கேள்விமேல் கேள்வி, கணவனும் மனைவியும் எச்சில் விழுங்கிக்கொண்டு பதில் சொல்கிறார்கள். நாட்டின் தாராள மனதைக் காட்ட எடுத்த படத்துக்குள் நாட்டின் கெடுபிடி வந்து உட்கார்ந்துவிட்டது. விசா வரிசையில் நின்ற எவருக்கும் அந்த மேசையும் அந்த நாற்காலியும் நன்றாகவே தெரியும்.

அந்த அழைப்பெல்லாம் வெள்ளையருக்கு மட்டும். 1901இல் தொடங்கிய வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1966இல் தளர்ந்து, 1973இல்தான் முழுதாக விலகியது. ஆகவே ஐம்பதுகளின் அரசுப் படங்களில் நம் நிறத்து முகத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. அதனால்தான் ஜான் ஹேயரின் 'தி பேக் ஆஃப் பியாண்ட்' எனக்குப் பெரிய புதையலாகத் தோன்றியது. 1954இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்காக எடுத்தது. வெனிஸ் விழாவில் உச்சப் பரிசு பெற்றது. மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில்வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பாலைவனப் பாதையில் லாரியில் தபால் கொண்டுபோகும் டாம் குரூஸ்தான் நாயகன். அதில் பெஜா தர்வேஷ் என்ற முதியவர் வருகிறார். பலுசிஸ்தானிலிருந்து ஒட்டகத்தோடு வந்து, இந்த நாட்டின் உள்பகுதியை ஆராயப் போன வெள்ளையருக்கு வழித்துணையாக இருந்தவர். ரயிலும் லாரியும் வருவதற்கு முன் கம்பளி மூட்டையும் தண்ணீரும் தந்திக் கம்பமும் ஏற்றிப் போனது பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த இத்தகையவர்களின் ஒட்டகங்கள்தான். ஒரு எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரப் படம் அவர் முகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தொலைக்காட்சி 1956 செப்டம்பர் 16 அன்று சிட்னியில் வந்தது. வரவேற்பு சொல்லும் புரூஸ் கிங்கெல்லின் காட்சியை இந்த நாட்டில் பார்க்காதவர் இல்லை. ஆனால் அன்று இரவு ஒளிபரப்பானதை யாரும் பதிவு செய்யவில்லை. நாம் பார்ப்பது பின்னால் அவரையே உட்காரவைத்து மறுபடி எடுத்தது. தொடக்க காலத் தொலைக்காட்சியின் கதையே இதுதான். நேரலையாகப் போய்க் காற்றில் கரையும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் திரைக்கு எதிரில் ஒரு பிலிம் கேமராவை நிறுத்தி எடுக்க வேண்டும். பிறகு இரண்டங்குல வீடியோ டேப் வந்தது. விலை அதிகம். அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். இப்படி 1967 முதல் 1977 வரை ஓடிய 'பெல்பேர்ட்' என்ற கிராமத்துத் தொடரில் மிகச் சில பகுதிகளே எஞ்சின. நாட்டின் இளைஞர்களை ஞாயிறு மாலை வீட்டில் உட்காரவைத்த 'கவுன்ட்டவுன்' இசை நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுகளில் பலவும் போயின. ஓரினக் காதலர் ஒருவரைச் சாதாரணப் பக்கத்துவீட்டுக்காரராகக் காட்டி 1972இல் நாட்டையே பேசவைத்த 'நம்பர் 96' தொடரின் கறுப்பு வெள்ளைப் பகுதிகளில் பெரும்பாலானவை இல்லை.

அழிக்காமல் தப்பியவற்றில் வீதி இருக்கிறது. கிராஃபோர்ட் நிறுவனத்தின் 'ஹோமிசைட்' போலீஸ் தொடர் 1964 முதல் 1977 வரை ஓடியது. ஸ்டுடியோ காட்சிகளை வீடியோவில் எடுத்தார்கள். வெளிக்காட்சிகளை 16 எம்எம் பிலிமில் மெல்பர்ன் தெருக்களிலேயே எடுத்தார்கள். கொலைகாரனைத் துரத்துகிற போலீஸுக்குப் பின்னால் டிராம் ஓடுகிறது, பால்கடை இருக்கிறது, கிரேக்கர் நடத்தும் மீன்வறுவல் கடை இருக்கிறது. இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்று தொழிற்சாலை. நகரத்தின் பழைய முகம் வேண்டுமென்று கேட்டு வரும் கட்டடக் கலைஞர்களுக்கு இந்தத் தொடரைத்தான் நான் எடுத்துப் போடுவேன். விளம்பரங்களும் அப்படித்தான். வெயிலில் சட்டை, களிம்பு, தொப்பி போடச் சொல்லும் கடற்பறவைப் பாட்டு 1981இல் வந்தது. அதற்கு முந்தைய கடற்கரைப் படங்களையும் பிந்தையவற்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு சமூகம் தன் உடம்பைப் பற்றி நினைத்த விதமே மாறியிருப்பது தெரியும்.

இந்த மண்ணின் ஆதிக் குடிகளைப் பற்றி இனிச் சொல்கிறேன். என் தொழிலில் எனக்கு முக்கியமான பாடம் இங்கேதான் கிடைத்தது. ஆல்ஃபிரட் ஹேடன் 1898இல் டாரஸ் நீரிணைத் தீவில் எடுத்ததே உலகில் களஆய்வுக்காக எடுத்த முதல் சலனப்படம். பால்ட்வின் ஸ்பென்சர் 1901இல் மத்திய ஆஸ்திரேலியாவில் அரண்டா மக்களை எடுத்தார். படம்பிடித்தவர்கள் 'அழியப்போகும் இனத்தின் கடைசிப் பதிவு' என்ற எண்ணத்தில் எடுத்தார்கள். எடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வந்து அவற்றைக் கேட்கிறார்கள். சில சடங்குகள் எல்லோரும் பார்க்கத் தகாதவை என்பதால், யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகத்தாரே தீர்மானிக்கிறார்கள். இறந்தவர்களின் உருவமும் குரலும் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் படத்துக்கு முன்னால் போடுகிறோம்.

சார்லஸ் சோவெலின் 'ஜெட்டா', 1955, நாட்டின் முதல் வண்ணக் கதைப்படம். ஆதிக்குடிகளான ரோசலி குனோத்தும் ராபர்ட் டுடவாலியும் நாயகி, நாயகன். ஆனால் கலப்பினத்தவனாக வரும் பாத்திரத்துக்கு ஒரு வெள்ளை நடிகருக்குச் சாயம் பூசினார்கள். திரையரங்குகளில் ஆதிக்குடியினர் தனியே உட்காரவைக்கப்பட்ட காலம் அது. 1961இல் 'ஃபோர் கார்னர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி பாக்ஸ் ரிட்ஜ் என்ற ஒதுக்கிட முகாமுக்குள் கேமராவைக் கொண்டுபோனபோது, நகரத்து வரவேற்பறையில் இருந்தவர்கள் அந்த வீடுகளை முதல்முறையாகப் பார்த்தார்கள். 1965இல் சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்ஸில் கிளம்பி, மோரீ ஊர் நீச்சல் குளத்தில் கறுப்புக் குழந்தைகளை இறங்கவிடாத விதியை எதிர்த்து நின்றார்கள். 1967 மே 27 பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதிக்குடியினருக்குச் சாதகமாக வாக்களித்தார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வரவேற்பறையில் பார்த்த அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். 1978இல் எஸ்ஸி கோஃபி தானே இயக்கி எடுத்த 'மை சர்வைவல் ஆஸ் அன் அபோரிஜினல்' வந்தபோது கேமரா இடம் மாறியது. பார்க்கப்பட்டவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு சிறு சுருளைப் பற்றிச் சொன்னால் நான் கற்ற பாடம் விளங்கும். அறுபதுகளில் ஒரு கிராமத்துத் தொலைக்காட்சி நிலையத்துக்காக எடுத்த 16 எம்எம் செய்திப் படம். ரிவர்சல் பிலிம்; அதாவது கேமராவில் ஓடிய அதே துண்டுதான் ஒளிபரப்பிலும் ஓடியது, நெகட்டிவ் கிடையாது. போனால் போனதுதான். டப்பாவின் மேல் 'விவசாயக் கண்காட்சி, பரிசு காளை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒட்டெல்லாம் காய்ந்து விட்டிருந்ததால் ஒவ்வொன்றாகச் சுரண்டி மறுபடி ஒட்டினேன். இடதுபுற ஓரத்தில் துளைகள் கிழிந்திருந்த இடத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காளைக்குப் பின்னால் கம்பிவேலி தெரிந்தது. வேலிக்கு வெளியே ஒரு ஆதிக்குடிப் பெண், இடுப்பில் குழந்தை, பக்கத்தில் இரண்டு பையன்கள். கண்காட்சிக்கு உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர். பெண் காளையைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். நான்கைந்து விநாடி. பிறகு கேமரா திரும்பிவிடுகிறது.

பல ஆண்டு கழித்து அந்தப் பகுதியின் படங்களைத் தொகுத்து அந்த ஊர்க் கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். நானும் கருவிகளோடு போயிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டியை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் மரியாதையாக அழைத்தார்கள். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"அது என் அம்மா. இடுப்பில் இருப்பது நான்" என்றார்.

"பையன்கள், ஆன்ட்டி?"

"பெரியவன் என் அண்ணன். சின்னவன் சித்தி மகன். எழுதிக்கொள், தம்பி. நான் போய்விட்டால் சொல்ல ஆள் இல்லை."

நான்கு பெயர்களையும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அந்த ஊரில் அன்று யாருக்கு வேலிக்கு உள்ளே போக அனுமதி, யாருக்கு இல்லை என்பதையும் அவரே சொன்னார். இன்று அந்தச் சுருளின் விவரக் குறிப்பில் காளைக்கு ஒரு வரிதான். மீதி அந்தக் குடும்பத்துக்கு.

பிலிமைக் குளிரில் வைக்கலாம், ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம், 4கே ஸ்கேன் எடுக்கலாம். ஆயுளைக் கூட்ட எங்களுக்கு இத்தனை வழி உண்டு. படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள்; பிலிமைவிட வேகமாக அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தொழிலில் ரசாயனத்துக்குக் கொடுக்கும் அக்கறையைப் பெயருக்கும் கொடுக்க வேண்டும் என்று இளையவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

பிடிக்காத படத்தையும் காக்க வேண்டும். 1971இல் டெட் கோட்செஃப் எடுத்த 'வேக் இன் ஃப்ரைட்' வெளியானபோது இங்கே மக்கள் போய்ப் பார்க்கவில்லை. ஒரு சுரங்க ஊரில் சிக்கிய பள்ளி ஆசிரியரைக் குடியும் சூதும் கங்காரு வேட்டையும் சிதைப்பதைப் பச்சையாகக் காட்டியது அது. நாட்டின் பெருமையாகச் சொல்லப்படும் ஆண்களின் தோழமைக்குள் இருக்கும் வன்முறையை அது மறைக்கவில்லை. படத்தின் எடிட்டர் ஆன்டனி பக்லி ஆண்டுக்கணக்கில் தேடி, 2004இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு கிடங்கில் நெகட்டிவைக் கண்டுபிடித்தார். பெட்டியின் மேல் 'அழிப்பதற்கு' என்று எழுதியிருந்தது. சீர்செய்த பிரதி 2009இல் கான் விழாவில் ஓடியது. இன்று அதை நாட்டின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். தன் முகம் பிடிக்கவில்லை என்று ஒரு தலைமுறை தூக்கிப்போட்டதை அடுத்த தலைமுறை தேடி எடுத்தது. எதைக் காப்பது எதை விடுவது என்ற முடிவை அந்தந்தக் காலத்தின் ரசனைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டாம்.

எஸ்பிஎஸ் தொலைக்காட்சி 1980 அக்டோபர் 24 அன்று தொடங்கிய பிறகுதான், பல மொழி பேசும் குடியேறிகள் திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து பெருமளவில் தமிழர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் வந்தார்கள். நம்முடைய வாழ்க்கையை எந்த நியூஸ்ரீலும் எடுக்கவில்லை. அதை நாமே எடுத்தோம். வாடகைக் கூடத்தில் பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழா, முதல் கோயில் எழும்பியபோது நடந்த குடமுழுக்கு, விமான நிலையத்தில் அம்மாவை வரவேற்றது என எல்லாம் விஎச்எஸ்ஸிலும் வீடியோ-8லும் இருக்கின்றன. பெரும்பாலும் கார் ஷெட்டில், அட்டைப்பெட்டியில். கோடையில் நாற்பது டிகிரி காயும் ஷெட்டில் டேப் நெடுநாள் பிழைக்காது. காந்த நாடாக்களை 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றியாக வேண்டும் என்று தேசியக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. ஓட்டும் இயந்திரங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்தக் கெடு வந்தேவிட்டது. நாடா இன்னும் ஓடினால் அது நம் அதிர்ஷ்டம்.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. எந்த நாட்டில் இருந்தாலும் சரி, வீட்டில் பழைய டேப்போ பிலிமோ இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். பூஞ்சை பிடித்த டேப்பைப் பழைய டெக்கில் போட்டுச் சோதிக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். கார் ஷெட்டிலிருந்து வீட்டுக்குள், வெயிலும் ஈரமும் படாத அலமாரிக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்த பிறகும் மூலத்தை வைத்திருங்கள். 'பாப்பா பிறந்தநாள்' என்ற ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீடு, பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர் யார், வாசலில் நிற்கும் பக்கத்துவீட்டுக்காரர் யார் என்று ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பேனா போதும். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.